பழைய கார் என்றால் பிரேக் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்குமா?

"அழுத்துக்கா."

"அழுத்திட்டேன்."

"அப்படியே பிடிச்சுக்கோ."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டு முற்றத்தில் கேட்ட பேச்சு இவ்வளவுதான். அக்கா டிரைவர் சீட்டில். நான் முன் சக்கரத்துக்குப் பின்னால், கையில் ஸ்பேனரோடு தரையில். நடுவில் ஒரு கண்ணாடி பாட்டில். அதற்குள் ஒரு ஊடுருவித் தெரியும் டியூப், அதன் வாய் பிரேக் ஆயிலில் மூழ்கியபடி. டியூபின் மறுமுனை நிப்பிளில், அதாவது சக்கரத்தின் பிரேக்கிலிருந்து ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகில். பிரேக்கில் ஏர் எடுப்பதற்கு, அதாவது ஆயிலுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்றுவதற்கு, இதைவிடப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. ஒரு ஆளும், ஒரு டியூபும், கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் அந்தப் பொறுமையை எங்கே செலவழிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

கார் 1961ஆம் வருடத்தது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து ஷூ என்ற வளைந்த கட்டைகள் அழுத்தி நிறுத்தும். டிரைவர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, மிதித்தால் ஆயிலைத் தள்ளும் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்கேயாவது ஒரு பைப் விட்டுப்போனால் நான்கும் சேர்ந்து போகும். மிச்சம் இருப்பது கேபிளில் இயங்கும் ஹேண்ட் பிரேக் மட்டும். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்த இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலான கார்களுக்கு வந்து சேர்ந்தது 1960களின் இறுதியில்தான். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை மனதில் ஓர் ஓரமாக எப்போதும் வைத்திருக்க வேண்டும். இந்த மாதிரி வண்டியில் பிரேக் வேலையை "பரவாயில்லை, ஓடும்" என்று விட முடியாது.

வண்டி என் கைக்கு வந்த நாளிலிருந்தே பெடல் பஞ்சு மாதிரிதான் இருந்தது. முதல் மிதியில் பாதிக்கு மேல் இறங்கும். விட்டு இன்னொரு முறை மிதித்தால் மேலே நிற்கும். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "பழைய வண்டி, டிரம் பிரேக், அப்படித்தான் இருக்கும். ரெண்டு தடவை மிதிச்சுப் பழகிக்கோ." நானும் பழகிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோளாறு என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை வயது என்று எடுத்துக்கொண்டேன். டிரம் பிரேக்காக இருந்தாலும், சரியாக இருக்கும் வண்டியில் பெடல் கொஞ்சம் இறங்கி, அப்புறம் கல்லில் மிதித்த மாதிரி நிற்க வேண்டும்.

காற்று ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போய்ச் சேரும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டது. பிரேக் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. என் காரின் மாஸ்டர் சிலிண்டர் உள்விட்டம் முக்கால் அங்குலம், அதாவது பிஸ்டனின் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். பெடல் நெம்புகோல் காலின் விசையை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது. 20 கிலோ எடை வைத்த மாதிரி மிதித்தால் பிஸ்டனில் 100 கிலோ. பரப்பால் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ. ஆயில் இந்த அழுத்தத்துக்குச் சுருங்குவதே இல்லை என்று சொல்லிவிடலாம். காற்று அப்படியில்லை, (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால்) தன் அளவில் 36இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரே ஒரு கன சென்டிமீட்டர் காற்று உள்ளே இருந்தால், அதைச் சுருக்கவே பிஸ்டன் 3.4 மில்லிமீட்டர் நகர வேண்டும். பெடலில் அது ஐந்து மடங்கு: 17 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நுனி அளவு காற்றுக்குப் பெடல் ஒரு கட்டைவிரல் அகலம் இறங்குகிறது. பிரேக் பிடிப்பதற்காக நாம் கொடுத்த மிதி, பிரேக்குக்கே போகாமல் ஒரு குமிழியை நசுக்குவதில் தீர்ந்துபோகிறது. அப்படி நான்கைந்து குமிழி இருந்தால் பெடல் தரையைத் தொட வேண்டியதுதான்.

இந்த எண்களைப் பார்த்தபிறகு "அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானம் என்னிடம் நிற்கவில்லை.

முதல் ஞாயிறு முழுக்கப் பிரித்தலில் போனது. பின்சக்கர வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் சிலிண்டரின்) ரப்பர் உறையை விரலால் விலக்கியதும் உள்ளிருந்து ஈரம் வழிந்தது. கசிவு. ஒன்று கசிந்தால் மற்றவற்றின் வயதும் அதேதான். எல்லா வீல் சிலிண்டரையும், மூன்று ரப்பர் ஹோஸையும் மாற்ற முடிவு செய்தேன். பழைய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே ஓடிச் சூடாகும். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுத்தேன். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டு வைத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தபிறகுதான் எதுவும்.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எந்தப் பைப் எங்கே வளைகிறது, எல்லாம். இந்தப் படங்கள் கதையில் பிறகு வரும்.

பழைய நிப்பிளைக் கழற்றுவது தனி வித்தை. நிப்பிள் உள்ளே குழலாக இருப்பது. துருப்பிடித்ததை முரட்டுத்தனமாகத் திருகினால் கழுத்தில் ஒடிந்து, பாதி உள்ளேயே தங்கிவிடும். முதல் நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பன்னிரண்டு முனை ஸ்பேனர் வேண்டாம், அது தலையை உருட்டிவிடும். ஆறு முனை உள்ள ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட்டுதான். தலையின்மேல் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, அப்புறம் அவிழ்க்கும் பக்கம் வர வேண்டும். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கும் ஒடியும் சத்தத்துக்கும் வித்தியாசம் அதிகமில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திருகினேன். நான்கில் மூன்று வந்தன. ஒன்று ஒடிந்தது, அந்த சிலிண்டர் எப்படியும் மாற்றப்போவதுதான்.

ஆயில் பற்றிக் கொஞ்சம். என் கார் கைட்டில் (கையேட்டில்) கிளைக்கால் அடிப்படையிலான ஆயில்தான் சொல்லியிருக்கிறது, அதனால் டாட் 4 (DOT 4) என்ற தரத்து ஆயில் ஊற்றுகிறேன். புதிதாக இருக்கும்போது அது கொதிக்கும் வெப்பநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீரைக் குடித்தபிறகு அந்த வரையறை 155ஆக இறங்கிவிடுகிறது. காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது இந்த ஆயிலின் குணம். இழுத்த தண்ணீர் மலைச்சரிவில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஆவியாகும். ஆவியும் காற்று மாதிரியே சுருங்கும், பெடல் காலுக்கடியில் காணாமல் போகும். ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிட வேண்டும். எப்போதோ திறந்து பாதி வைத்திருக்கும் பாட்டிலை எடுத்து ஊற்றவும் கூடாது. பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதில் கவனம் வேண்டும்: டாட் 5 சிலிக்கான் ஆயில், டாட் 5.1 கிளைக்கால். எண்ணைப் பார்த்து ஒன்றின் உறவு மற்றொன்று என்று நினைத்து இரண்டையும் கலந்துவிடக் கூடாது. மினரல் ஆயில் தவறிக்கூட உள்ளே போகக் கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிப் பாழாகும். அப்புறம், கிளைக்கால் ஆயில் பெயின்டைத் தின்னும். மட்கார்டில் ஒரு துளி சிந்தினாலும் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அது தண்ணீரில் கரையும், அதுதான் நமக்கு வசதி.

இரண்டாம் ஞாயிறு எல்லாம் பூட்டியாயிற்று. படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது எப்படி இருந்ததோ அப்படியே பூட்டினேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

வேலையின் வரிசை நான்கு சொல்லில் அடங்கும்: அழுத்து, திற, மூடு, விடு. அக்கா மெதுவாக அழுத்தியதும் நான் நிப்பிளை அரைச் சுற்று திறக்கிறேன். பெடல் இறங்கும், டியூபில் ஆயில் ஓடும். பெடல் கீழே இருக்கும்போதே நான் மூட வேண்டும். மூடியபிறகுதான் அக்கா காலை எடுக்க வேண்டும். மூடுமுன் எடுத்தால் வெளியே போனது திரும்ப உள்ளே இழுக்கும்; அத்தனை பாடும் வீண். முதல் பத்து நிமிடத்தில் ஒரு தடவை அப்படி ஆயிற்று. "விடட்டுமா?" என்று அக்கா கேட்டது எனக்கு "விட்டுட்டேன்" என்று கேட்டது. நான் "விடாதே விடாதே" என்று கத்த, அதில் "விடு" என்பது போல மட்டும் அவளுக்குக் கேட்டு, பயந்து காலை எடுத்துவிட்டாள். அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொன்னால்தான் அடுத்த வேலை. நான் "மூடிட்டேன்" என்றால் அவள் "மூடிட்ட, விடறேன்" என்பாள். இதைப் பின்பற்றச் சொல்லி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். பெரிய வேலைக்கூடங்களில் இதற்கெல்லாம் இயந்திரம் இருக்கலாம். வீட்டில் நமக்கு இருப்பது குரல் மட்டும்தான்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தேன். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் போய்வரும் தூரம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். அதற்கப்பால், ஒருநாளும் போகாத இடத்தில், துருவும் கசடும் படிந்து வரம்பு கட்டியிருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரைவரை மிதித்தால் சீலின் மென்மையான உதடு அந்த வரம்பில் போய் உரசிக் கிழியும். ஏர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டரைக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான். மிதிப்பதும் நிதானமாக இருக்க வேண்டும். படபடவென்று பம்ப் அடித்தால் பெரிய குமிழி நுரைபோல நூறு சின்னக் குமிழியாக உடையும்; அவற்றை விரட்டுவது கஷ்டம்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் இருக்கும் பின்சக்கரத்தில் தொடங்கி, கிட்டே இருக்கும் முன்சக்கரத்தில் முடித்தோம். (எல்லா வண்டிக்கும் இந்த வரிசை இல்லை. உங்கள் வண்டியின் கைட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை தரைத் தகட்டின் மூடியைத் திறந்து ஆயில் அளவைப் பார்த்து ஊற்றினேன். அந்தக் குடுவை சிறியது. காலியாகிக் காற்றை இழுத்துவிட்டால் முதல் சக்கரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். முதலில் வந்த ஆயில் கறுப்பு, துரு கரைந்த தண்ணீர் மாதிரி. அப்புறம் பழுப்பு. அப்புறம் புதிய ஆயிலின் வெளிர் மஞ்சள். குமிழிகள் கொத்தாக வந்து, ஒவ்வொன்றாகி, நின்றே போயின. நான்கு சக்கரத்திலும் டியூபில் கண்ணாடி மாதிரி ஆயில்.

"எப்படிக்கா இருக்கு?"

"அதே மாதிரிதான்டா இருக்கு. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே."

பெடல் மாறவே இல்லை. புதிய சிலிண்டர், புதிய ஹோஸ், புதிய ஆயில், பழைய பஞ்சு. அரை லிட்டர் ஆயில் கூடுதலாக ஓட்டிப் பார்த்தோம். டியூபில் ஒரு குமிழிகூட வரவில்லை, பெடலும் எழவில்லை. இருட்டும்வரை இருந்துவிட்டு எழுந்தோம். "பழைய வண்டி, அப்படித்தான்" என்ற பேச்சு அன்று இரவு எனக்குள்ளேயே ஒரு முறை எட்டிப்பார்த்தது உண்மை.

வாரம் முழுக்க யோசித்தேன். மூன்றாம் ஞாயிறு மிதிப்பதற்கு முன் தேடல். முதலில் ஷூ அட்ஜஸ்ட்மென்ட். டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகம் இருந்தாலும் பெடல் இப்படியே இறங்கும், இரண்டாம் மிதியில் இப்படியே எழும். காற்று என்று நினைத்து ஏமாறுவது சகஜம். எல்லாச் சக்கரத்திலும் அட்ஜஸ்டரைத் திருகி, சக்கரம் சுற்றாதபடி ஷூவை டிரம்மில் முழுக்க ஒட்டவைத்தேன். இப்போது ஷூ நகர இடமில்லை. மிதித்துப் பார்த்தால் பெடல் கொஞ்சம் மேலே வந்தது, ஆனால் இன்னும் காலடியில் துள்ளியது. அப்படியென்றால் காற்று உள்ளே இருக்கிறது.

அடுத்து, அதற்கென்றே வரும் உருண்டை முனைக் கிளாம்ப் மூன்று எடுத்து மூன்று ஹோஸையும் இறுக்கினேன். புதிய ஹோஸ் என்பதால்தான் இந்தத் துணிச்சல். பழையதில் செய்ய மாட்டேன். அக்கா மிதித்தாள். "கல்லு!" என்றாள். மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, அதிலிருந்து ஹோஸ்வரை காற்று இல்லை. பின்பக்கக் கிளாம்ப்பை எடுத்தேன், கல்தான். முன் வலது, அப்போதும் கல். முன் இடது கிளாம்ப்பை எடுத்ததும் அக்காவின் குரல் மாறியது. "இறங்கிடுச்சு."

நான்கு சக்கரத்தில் ஒரு சக்கரம். அங்கே போய் உட்கார்ந்தேன். புதிய சிலிண்டர், கசிவில்லை, டியூபில் குமிழி இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அப்புறம் எழுந்து வலது பக்கம் போனேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று. அங்கே நிப்பிள் மேலே இருந்தது.

இடது பக்கம் நிப்பிள் கீழே.

இந்தக் காரின் முன்பக்க டிரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்: மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டையும் இணைக்க ஒரு சின்னப் பைப். ஹோஸ் வந்து சேரும் சிலிண்டர் கீழே இருக்க வேண்டும், நிப்பிள் உள்ள சிலிண்டர் மேலே. காற்று மேலே ஏறும், மேலே இருக்கும் நிப்பிள் வழியாக வெளியேறும். இடது பக்கத்தில் இரண்டும் இடம் மாறியிருந்தன. மேல் சிலிண்டரின் உச்சியில் காற்று ஏறி உட்கார்ந்திருக்க, ஆயில் அதற்கு அடியிலேயே ஓடி, கீழ் நிப்பிள் வழியாகக் கண்ணாடி மாதிரி வெளியே வந்துகொண்டிருந்தது. டியூபில் குமிழி வராமல் போனால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தமில்லை. அந்த வழியாக வரக்கூடிய காற்று தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான் அது சொல்லும். டிஸ்க் பிரேக் வண்டிகளில் இடது வலது காலிப்பரை (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகத்தை) மாற்றிப் பூட்டினாலும் நிப்பிள் கீழே போய் இதே கதைதான் நடக்கும்.

போனை எடுத்து முதல் ஞாயிறு எடுத்த படத்தைப் பார்த்தேன். அதிலும் இடது பக்கம் நிப்பிள் கீழேதான். எனக்கு முன்னால் யாரோ, எத்தனையோ வருடம் முன்பு, மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். நான் எடுத்த படத்தைப் பார்த்து, அந்தத் தவறை இம்மி பிசகாமல் புதுச் சாமானில் மறுபடி செய்திருக்கிறேன். இடது பக்கப் படத்தை வலது பக்கப் படத்தோடு ஒரே ஒரு தடவை சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால் போதும். இந்த வண்டியை ஓட்டிய அத்தனை பேரும் அந்தப் பெடலை இரண்டு தடவை மிதித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் யாரோ "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லியிருப்பார்கள்.

ஹோஸைக் கழற்றி, பைப்பை அவிழ்த்து, ஷூவை எடுத்து, இரண்டு சிலிண்டரையும் இடம் மாற்றிப் பூட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. டிரம் போடாமல் யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். அதனால் காரின் கதவை மூடிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். டிரம் போட்டு, சக்கரம் லேசாக உரசும்வரை ஷூவை நெருக்கி, அப்புறம் ஒரு பல் தளர்த்தினேன். அக்கா மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

"அழுத்துக்கா."

"அழுத்திட்டேன்."

நிப்பிளைத் திறந்தேன். டியூபில் முதலில் வெறும் காற்று. பாட்டிலுக்குள் புளுபுளுவென்று சத்தம். மூன்றாவது மிதியில் ஆயிலும் காற்றும் மாறி மாறி. ஏழாவது மிதியில் ஆயில் மட்டும். ஸ்பேனரைத் திருப்பி மூடினேன்.

"மூடிட்டேன்."

"மூடிட்ட, விடறேன்." கொஞ்சம் இடைவெளி. மறுபடி மிதிக்கும் சத்தம். "டேய், இங்க வா. நீயே வந்து மிதிச்சுப் பாரு."

ஸ்கேல் வைத்து அளந்தேன். முன்பு 11 சென்டிமீட்டர் இறங்கிய பெடல் இப்போது 6இல் நின்றது. இரண்டாம் மிதிக்கும் அதே 6. ஒரு நிமிடம் முழு பலத்தோடு மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்; மெல்ல மெல்லக் கீழே நழுவினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் பிடிக்கவில்லை என்று பொருள். நழுவவில்லை. அக்கா அந்த நேரத்தில் டார்ச்சோடு நான்கு சக்கரத்தையும் சுற்றி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்த்து வந்தாள். எங்கும் இல்லை.

வண்டியை இறக்கி, நடக்கும் வேகத்தில், கை ஹேண்ட் பிரேக்கிலேயே இருக்க, முற்றத்தின் நீளத்துக்கு ஓட்டினேன். மிதித்தேன். நான்கு சக்கரமும் ஒன்றாக நின்றன. ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தடவை. பழக்கத்தில் கால் தானாக இரண்டாம் மிதிக்குத் தூக்கியது. அதற்குள் வண்டி நின்றிருந்தது.